லடாக்கில் அட்டவணை போடுவது உயரம்தான்: வளர்ந்த பிள்ளைகளோடு 13 நாள்

லே நகரில் இறங்கிய அன்றே சாந்தி ஸ்தூபியின் படிகளில் ஏறி அஸ்தமனம் பார்த்தாக வேண்டும் என்று துடிப்பது ஐம்பது வயது அப்பா அல்ல, பத்தொன்பது வயது மகன். அன்றிரவு தலையைப் பிடித்துக்கொண்டு குளியலறை வாசலில் உட்கார்ந்திருப்பதும் அவனாகத்தான் இருக்கும். ஜிம் உடம்பும், காலேஜ் டீமில் ஓடிப் பழகிய காலும், உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோயிலிருந்து காப்பாற்றாது. வேகமாக ஏறுகிறவனை அது முதலில் பிடிக்கும். வீட்டிலேயே வேகமானவர்கள் பிள்ளைகள்தானே.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். அதற்கு மேல் இன்னும் 860 மீட்டர் ஏறினால்தான் லே கடைவீதி. 3,500 மீட்டர் உயரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் மெரினாவில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. கர்துங் லா கணவாயில் பாதிதான். ஆகவே லடாக் பயணத்தில் எங்கே போகிறோம் என்பதைவிட, எந்த இரவு எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதுதான் திட்டம். 3,000 மீட்டரைத் தாண்டியபின் ஒரு நாளைக்குத் தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. பகலில் எவ்வளவு ஏறினாலும் இரவுக்குள் இறங்கிவிட்டால் உடம்பு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்.

இந்த விதியை அப்பா சொன்னால் அது தடை. அதே விதியை மகளிடம் கொடுத்து, "ஒவ்வொரு ஊரின் உயரத்தையும் எழுதி, இரவுகளை நீயே அடுக்கு" என்றால் அவளே காவல்காரி ஆகிவிடுவாள். 17 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு போகும் பயணத்தில் இது பாதி வேலையை முடித்துவிடும். அட்டவணையை அவர்கள் கையில் கொடுங்கள், விதியையும் சேர்த்துக் கொடுங்கள்.

முதலில் தேதி. பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால் நீட் மே முதல் வாரத்தில் முடிந்துவிடும், பொறியியல் கலந்தாய்வு வழக்கமாக ஜூலையில் சூடு பிடிக்கும். காலேஜ் பிள்ளைக்கு செமஸ்டர் தேர்வும் அரியர் தேர்வும் எப்போது முடியும் என்பது அந்தப் பிள்ளைக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். அதை ஜனவரியிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். புதிதாக வேலையில் சேர்ந்த பிள்ளைக்குப் பயிற்சிக் காலத்தில் பத்து நாள் லீவு கிடைக்காது. எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டுப் பார்த்தால் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களுக்கு மிஞ்சுவது ஜூனில் இரண்டு வாரம். அது நல்ல காலம்தான். லடாக் மழைமறைவுப் பிரதேசம் என்றாலும், ஜூலை, ஆகஸ்ட்டில் அங்கே போகும் காஷ்மீர், இமாச்சலப் பாதைகளில் மண் சரியும். மே மாதத்தில் உயரமான கணவாய்களில் பனி மிச்சமிருக்கும். செப்டம்பர் அருமையான மாதம், ஆனால் காலேஜ் திறந்திருக்கும்.

அடுத்து வழி. லே போக மூன்று வழி உண்டு. விமானத்தில் நேராக இறங்கினால் நேரம் மிச்சம், ஆனால் கடல் மட்டத்திலிருந்து ஒரே காலையில் 3,500 மீட்டர். வந்தபின் இரண்டு முழு நாள் ஓட்டல் அறையிலும் மொட்டை மாடியிலும் சும்மா கிடக்க வேண்டும். இருபது வயதுக்காரர்களை அப்படிக் கிடக்க வைப்பது தனி சாகசம். மணாலி வழியில் 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கம் 2020 அக்டோபரில் திறந்தபின் தொடக்கம் சுலபமாகிவிட்டது. சிக்கல் நடுவில். கேலாங், ஜிஸ்பா இரண்டும் 3,000 மீட்டரை ஒட்டியவை. அதற்கடுத்துத் தங்குவதற்கு இருக்கும் சர்ச்சு கூடாரங்கள் 4,200 மீட்டருக்கு மேல். ஒரே நாளில் தூங்கும் உயரம் ஆயிரம் மீட்டர் கூடுகிறது. அந்த இரவில் உடம்பு முடியாமல் போகிறவர்கள் அதிகம், பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரியும் கிடையாது. சர்ச்சுவில் தங்காமல் ஜிஸ்பாவிலிருந்து ஒரே நாளில் லே போகலாம் என்றால், விடியற்காலை ஆரம்பித்து இருட்டிய பிறகும் வண்டியில்தான்.

ஸ்ரீநகர் வழிதான் உடம்பு ஒத்துக்கொள்ளும் வழி. காஷ்மீரின் பாதுகாப்பு நிலவரத்தை டிக்கெட் போடும்போதும் கிளம்புவதற்கு முந்தைய வாரத்திலும் பாருங்கள். சரியில்லை என்றால் விமானத்தில் இறங்கி இரண்டு நாள் சும்மா கிடப்பதே மேல். நிலவரம் நன்றாக இருக்கும்போது இரவுகள் இப்படி அமையும்: 1ஆம் இரவு ஸ்ரீநகர், 1,585 மீட்டர். 2ஆம் இரவு சோனாமார்க், 2,700 மீட்டரை ஒட்டியது. 3ஆம் இரவு கார்கில், 2,676. 4ஆம் இரவு ஆல்ச்சி, ஏறக்குறைய 3,100. 5, 6, 7ஆம் இரவுகள் லே. 8, 9 நூப்ரா பள்ளத்தாக்கில் ஹுண்டர், மீண்டும் 3,100 அளவு. 10ஆம் இரவு பாங்காங் ஏரிக்கரை, 4,250. 500 மீட்டர் விதியைத் தாண்டும் ஒரே இரவு இது, அதனால்தான் கடைசியில். 11, 12 லே. 13ஆம் நாள் காலை விமானத்தில் திரும்புதல். விமானத்தை ஏறும்போது வைக்காமல் ஊர் திரும்பும்போது வைப்பதால் இறங்குவதில் எந்த ஆபத்தும் இல்லை.

சில பயண முகவர்கள் கொடுக்கும் பட்டியலில் பாங்காங் முதலிலும் நூப்ரா பிறகும் இருக்கும். மாற்றச் சொல்லுங்கள். நூப்ராவுக்குப் போகும் வழியில் 5,359 மீட்டர் கர்துங் லாவைத் தாண்டினாலும் தூங்குவது லேயைவிடத் தாழ்ந்த இடத்தில். அந்த இரண்டு இரவும் உடம்புக்குச் சேமிப்பு. (கணவாயின் பலகையில் பல ஆண்டுகள் 18,380 அடி என்று எழுதியிருந்தது. உண்மை அளவு 17,582 அடி. படம் எடுத்துப் போடும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள், யாராவது கீழே வந்து திருத்துவார்கள்.) அங்கே பத்து, பதினைந்து நிமிடம் போதும். டீ, மேகி, கூட்டத்தோடு படம் என்று முக்கால் மணி நேரம் நின்றால் இறங்கும்போது தலைவலி கூட வரும்.

ஸ்ரீநகரிலிருந்து லே வரை 420 கிலோமீட்டர். சோனாமார்க் சுரங்கம் 2025 ஜனவரியில் திறந்தபின் அந்தப் பகுதி எளிது. ஆனால் 3,528 மீட்டர் சோஜி லா கணவாயில் வண்டிகளை ஒரு நேரத்துக்கு ஒரு திசையில் மட்டும் விடுவது உண்டு. எத்தனை மணிக்கு நம் திசை என்று முந்தின இரவே ஓட்டுநரிடம் கேட்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். திராஸ் போர் நினைவிடத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். 1999 போரில் பட்டாலிக் பகுதியில் உயிர் நீத்த திருச்சி மேஜர் சரவணனைப் பற்றிப் பிள்ளைகளிடம் வண்டியிலேயே சொல்லிவிட்டால், அங்கே செல்போன் தானாகப் பைக்குள் போகும்.

வண்டி விஷயத்தில் பலர் ஏமாறுவது இங்கேதான். ஸ்ரீநகர் டாக்ஸி லேயில் இறக்கிவிடும். அதே வண்டியில் நூப்ரா, பாங்காங் போக உள்ளூர் டாக்ஸி யூனியன் விடாது. லேயிலிருந்து வேறு வண்டி எடுக்க வேண்டும். யூனியன் ஒவ்வொரு ஆண்டும் தடவாரியாகக் கட்டணப் பட்டியல் அச்சிடுகிறது. அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். ஐந்து பேருக்கு இன்னோவா போதும் என்று தோன்றும், பின் வரிசை முழுக்கப் பைகள்தான் உட்காரும். ஆறு பேர் என்றால் டெம்போ டிராவலர். யார் எங்கே உட்காருவது என்று தினசரி சுழற்சி எழுதி ஒட்டிவிடுங்கள், வாந்தி வரும் ஆளுக்கு மட்டும் நிரந்தர முன் சீட். சின்ன விஷயம்தான், ஆனால் ஒரு பயணத்தில் நடக்கும் சண்டைகளில் பாதி ஜன்னல் சீட்டுக்கு.

பிறகு புல்லட். ஆண் பிள்ளை இருக்கும் வீட்டில், இப்போதெல்லாம் பெண் பிள்ளை இருக்கும் வீட்டிலும், லடாக் என்றால் பைக் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். ஒரேயடியாக மறுத்தால் பயணம் முழுக்க முகம் தூக்கியே இருக்கும். நடுவழி ஒன்று உண்டு. லே வந்து இரண்டு இரவு தூங்கியபின், 7ஆம் நாள், லேயிலேயே வாடகைக்கு எடுத்து நிம்மு வரை போய் வருவது. ஒரு பக்கம் 35 கிலோமீட்டர், நல்ல தார் ரோடு, கணவாய் இல்லை. சிந்துவும் சான்ஸ்காரும் கூடும் இடம் வழியிலேயே தெரியும், பழுப்பும் பச்சையுமாக இரண்டு நீர் சேரும். பெற்றோர் காரில் பின்னால் வரலாம், ஆனால் அரை மணி நேர இடைவெளி விட்டு. நிபந்தனைகள்: 18 வயது முடிந்து, கியர் வண்டிக்கான அசல் உரிமம். பழகுநர் உரிமம் ஆகாது. ஊரில் ஸ்கூட்டி மட்டும் ஓட்டிய பிள்ளைக்கு 350 சிசி வண்டியைச் சுமையோடு முதல் முறை லடாக்கில் கொடுக்கக் கூடாது. ஊரிலேயே நண்பர் வண்டியில் இரண்டு மாதம் பழகட்டும். முழங்கால், முழங்கை கவசமும் முகம் மூடிய ஹெல்மெட்டும் வண்டியோடு வாடகைக்குக் கிடைக்கும். வண்டியை எடுக்கும்போது எல்லாப் பக்கமும் வீடியோ எடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது பழைய கீறலுக்குக் காசு கேட்பது எல்லா ஊரிலும் உள்ள வியாபாரம்.

அதே சங்கமத்தில்தான் ராஃப்டிங்கும். சான்ஸ்கார் ஆற்றில் சில்லிங்கிலிருந்து நிம்மு வரை வருவது மூன்றாம் தரம், நீச்சல் தெரிந்த பெரிய பிள்ளைகளுக்கு. சிந்துவில் பே கிராமம் முதல் நிம்மு வரை மென்மையானது, அம்மாவும் வரலாம். தண்ணீர் உருகிய பனி, ஈரம் புகாத உடை இல்லாமல் ஏறாதீர்கள். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை எழும்பினால் அது சரியான அளவு இல்லை. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து கேட்பார்கள். பயணக் காப்பீட்டில் ராஃப்டிங், பைக், 4,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரம் மூன்றும் விலக்கப்பட்டிருக்கிறதா என்று சின்ன எழுத்தைப் படிக்கும் வேலையை, வீட்டில் யார் அதிகம் வாதம் செய்வார்களோ அவர்களிடம் கொடுங்கள்.

மலைநோய் பற்றிப் பேசாமல் கிளம்பக் கூடாது. தலைவலி, அதோடு குமட்டல், களைப்பு, கிறுகிறுப்பில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் அது மலைநோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். "பிரியாணி ஒத்துக்கலை" என்று சமாதானம் சொல்லக் கூடாது. லேசாக இருந்தால் அதே உயரத்தில் ஓய்வு, தண்ணீர், பாராசிட்டமால். குறையும் வரை மேலே ஏறக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் விடாமல் வந்தால், தரையில் ஒரு கோட்டின் மேல் குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொல்லும்போது தள்ளாடினால், பேச்சு குழறினால், அது வேறு கட்டம். விடியட்டும் என்று காத்திருக்காமல் இறங்க வேண்டும். லேயில் எஸ்.என்.எம். அரசு மருத்துவமனை இந்த நோயை நாள்தோறும் பார்க்கும் இடம்.

மலைநோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி ஊருக்கு ஒரு கருத்து. நம்மூரில் கிடைப்பது 250 மில்லிகிராம். தடுப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு அரை மாத்திரை, அதாவது 125, காலை அரை இரவு அரை, ஏறுவதற்கு முந்தின நாள் தொடங்கி. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் இதைத் தொடக் கூடாது. விரல் நுனி சுறுசுறுக்கும், அடிக்கடி ஒன்றுக்கு வரும், சோடா சப்பென்று இருக்கும். இது தெரியாமல் பயந்து பாதியில் நிறுத்துவார்கள். ஸ்ரீநகர் வழியாக மெதுவாக ஏறும் எல்லோருக்கும் தேவைப்படாது, விமானத்தில் இறங்குபவர்களுக்கு அதிகம் பயன்படும். குடும்ப டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும். அப்பா அம்மாவின் பிரஷர், சுகர் மாத்திரைகளோடு சேருமா என்பதையும் அவரே சொல்லட்டும்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டரை ஒரு பிள்ளையின் பொறுப்பில் விட்டு, காலையும் இரவும் எல்லோருக்கும் பார்த்து எழுதச் சொல்லுங்கள். லேயில் முதல் நாள் 85 முதல் 90 வரை காட்டுவது சாதாரணம். கோவிட் காலப் பழக்கத்தில் 94க்குக் கீழே போனாலே அலறக் கூடாது. குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சு போட்ட விரலிலும் தப்பாகக் காட்டும். எண்ணைவிட அறிகுறி முக்கியம், ஆனால் ஒருவருடைய எண் மட்டும் மற்றவர்களைவிட நிறையத் தாழ்ந்திருந்தால் கவனியுங்கள். கடையில் விற்கும் சின்ன ஆக்சிஜன் டப்பாவை நம்பாதீர்கள். 10 லிட்டர் டப்பாவை நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் இழுத்தால் ஐந்து நிமிடம். விமானத்திலும் ஏற்ற முடியாது. நூப்ரா, பாங்காங் போகும் வண்டியில் உண்மையான சிலிண்டர் இருக்கிறதா என்று வண்டி பேசும்போதே கேளுங்கள், கிளம்பும்போது முள்ளைப் பாருங்கள்.

பாங்காங்கில் ஒரு கண்ணி இருக்கிறது. அங்கே யாராவது உடம்பு முடியாமல் படுத்துவிட்டால் லேக்கு இறங்க, முதலில் 5,300 மீட்டருக்கு மேலுள்ள சாங் லா கணவாயில் ஏறியாக வேண்டும். நோயாளியை மேலே தூக்கிப் பிறகு கீழே கொண்டுவரும் வழி அது. கணவாய் இல்லாமல் இறங்கும் பாதை ஷயோக் ஆற்றோரம் நூப்ராவுக்குத் திரும்புவது. 4,250இலிருந்து தாங்ட்சே, துர்புக் வழியாகப் படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே போய் டிஸ்கிட் மருத்துவமனைக்குப் போகலாம். இந்த விவரத்தை ஓட்டுநரோடு முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும், நள்ளிரவில் வரைபடம் பார்க்க அங்கே நெட்வொர்க்கை நம்ப முடியாது. நூப்ராவிலேயே யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஏரிக்கரையில் தங்குவதை விட்டு, சுமார் 300 மீட்டர் தாழ்ந்த தாங்ட்சேயில் தங்கி, பகலில் ஏரியைப் பார்த்துவிட்டு வரலாம். தண்ணீரின் நீலம் பகலில்தான். இரவில் கிடைப்பது நட்சத்திரமும் குளிரும்.

ஷயோக் பாதையில் ஓடைகள் ரோட்டின் மேலேயே ஓடும். காலையில் கணுக்கால் அளவு இருப்பது, வெயிலில் பனி உருகி மதியத்துக்குமேல் வண்டியை இழுக்கும் அளவுக்கு வந்துவிடும். ஹுண்டரிலிருந்து காலை 7 மணிக்குக் கிளம்பினால் இந்தத் தொல்லை இல்லை. இரவு 2 மணி வரை விழித்திருக்கும் பிள்ளைகளை 7 மணிக்கு வண்டியில் ஏற்ற ஒரே வழி, "மதியம் தண்ணீர் ஏறும்" என்ற காரணத்தைச் சொல்வது. காரணம் தெரிந்தால் எழுந்துவிடுகிறார்கள், "சீக்கிரம் கிளம்பு" என்றால் இல்லை.

வானம் பார்க்கும் ஆசையுள்ள பிள்ளை இருந்தால் பாங்காங்குக்குப் பின் ஹான்லே சேர்க்கச் சொல்லிக் கேட்கும். அங்குள்ள வானாய்வகத்தை நடத்துவது நம் வாணியம்பாடி பக்கத்துக் காவலூர் தொலைநோக்கியை நடத்தும் அதே பெங்களூரு நிறுவனம். இரண்டு மீட்டர் தொலைநோக்கிக்குச் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு இன்னும் இரண்டு நாள் வேண்டும், தூக்கமும் 4,200க்கு மேலேயே தொடரும். 13 நாளில் திணிக்காதீர்கள். அமாவாசையை ஒட்டிப் பாங்காங் இரவு வருமாறு தேதி போட்டாலே ஆசையில் பாதி தீரும்.

உட்கார்ந்து திட்டம் போடும் முதல் நாளில் ஆளுக்கு ஒரு "கட்டாயம்" ஒரு "முடியவே முடியாது" எழுதச் சொல்லுங்கள். அம்மாவின் கட்டாயம் சுத்தமான கழிப்பறையாக இருக்கலாம், அதற்கும் பைக்குக்கும் ஒரே மதிப்பு. இன்னொன்றையும் வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டும்: ஒருவர் படுத்தால் யார் கூட இருப்பது. சின்னக் குழந்தைகள் என்றால் எல்லோரும் ஒன்றாகவே நகர வேண்டும். வளர்ந்த பிள்ளைகளோடு குடும்பம் பிரிந்து மறுபடி சேரலாம். லேயில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் அப்பா கூட இருக்க, 22 வயது மகள் தம்பியோடு தெரிந்த ஓட்டுநரை வைத்து நூப்ரா போய் வரலாம். பாங்காங்கில் மட்டும் பிரிவது கிடையாது, ஒருவர் இறங்கினால் எல்லோரும் இறங்க வேண்டும். குடிப்பது பற்றியும் முன்பே பேசிவிடுங்கள், பிள்ளை குடிப்பதில்லை என்று நடிப்பதைவிட "மேலே இருக்கும்வரை யாருக்கும் கிடையாது, அப்பாவுக்கும்" என்பது எளிது. தூக்க மாத்திரையும் அப்படியே.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே இரண்டு பேருடைய எண்ணையாவது போஸ்ட்பெய்டுக்கு மாற்றுங்கள், வெவ்வேறு நிறுவனமாக இருந்தால் நல்லது. எல்லைப் பகுதிகளுக்கான கட்டண ரசீதும் ஆதாரும் ஐந்தைந்து நகல். ஓசிஐ அட்டை வைத்திருக்கும் பிள்ளைக்கு வெளிநாட்டவர் விதிதான், உள்ளூர் முகவர் மூலம் தனி அனுமதி வாங்க வேண்டும். ட்ரோனை வீட்டில் வைத்துவிடுங்கள், சாட்டிலைட் போனை நினைக்கவே வேண்டாம். பாங்காங்கில் ஏடிஎம் இல்லை, நூப்ராவில் இருப்பது பல நேரம் வேலை செய்யாது. லேயை விட்டுக் கிளம்பும்போதே நான்கு நாளுக்கான ரொக்கம் இரண்டு பைகளில். கூடாரங்களில் மின்சாரம் மாலையில் சில மணி நேரம்தான், பவர் பேங்க் ஆளுக்கு ஒன்று, குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்குவதால் இரவில் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகள் நாப்கின் இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளட்டும், உயரத்தில் நாள் முன்பின்னாக வரக்கூடும். ஜீன்ஸ் ஒன்று போதும், நனைந்தால் காயாது. உள்ளே தெர்மல், நடுவில் ஃப்ளீஸ், மேலே காற்று புகாத ஜாக்கெட்.

சாப்பாட்டில் ஒரு விஷயம். லேயில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் குக்கர் இல்லாமல் வேகவைத்த சோறு நடுவில் அரிசியாக இருக்கும். சோறு சரியில்லை என்று சமையல்காரரிடம் சண்டைக்குப் போகாமல் துக்பா என்ற நூடுல்ஸ் சூப்பும் மோமோவும் சாப்பிடுங்கள். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் பையில் இருந்தால் அப்பாவின் முகம் மலரும். எண்ணெய் டப்பாவின் மூடியை மட்டும் மலையேறும் வழியில் அவ்வப்போது திறந்து மூடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று விரிந்து துணியெல்லாம் நல்லெண்ணெய் ஆகிவிடும். சிப்ஸ் பாக்கெட் பலூன் போல உப்பி நிற்பதும் இதனால்தான்.

12ஆம் நாளை அட்டவணையில் காலியாக விடுங்கள். லே விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான், மதியத்துக்குமேல் காற்று எழும்பிவிடும். வானிலை சரியில்லை என்றால் ரத்தாகி அடுத்த நாளுக்குப் போகும். ஷயோக்கில் ரோடு அடைபட்டு ஒரு நாள் தாமதமானாலும் இந்த நாள் காப்பாற்றும். டெல்லியிலிருந்து சென்னை விமானத்தைத் தனி டிக்கெட்டாக எடுத்தால் இடைவெளி குறைந்தது ஆறு மணி நேரம், ஒரே டிக்கெட்டாக எடுப்பது இன்னும் நல்லது. எதுவும் தடைபடாமல் அந்த நாள் மிச்சமானால் யாருக்கும் எந்தத் திட்டமும் சொல்லாதீர்கள். ஒருவர் ஓட்டலில் தூங்குவார், ஒருவர் ஆப்ரிகாட் வாங்கப் போவார், பத்தொன்பது வயதுக்காரர் சாந்தி ஸ்தூபிப் படிகளில் ஏறுவார். இப்போது ஏறலாம்.